மலைப்பாதையில் குளிர்கால வெலோமொபைல் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெலோமொபைல் என்பது சாய்ந்து உட்கார்ந்து கால்களை முன்னால் நீட்டி மிதிக்கும், கூடு போர்த்திய மூன்று சக்கர சைக்கிள். அதில் மலைக்குப் போகிறவர்களின் முதல் தவறு வண்டியை எடுக்கும் முன்பே, வரைபடத்தைப் பார்க்கும்போதே நடந்துவிடுகிறது. சமவெளியில் மணிக்கு 35 கிலோமீட்டர் சுலபமாகப் போகிறது, அப்படியானால் 140 கிலோமீட்டருக்கு 4 மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. காற்றை ஏமாற்றுவதற்காகச் செய்த கூடு, ஏற்றத்தில் வெறும் சுமை. வண்டி 30 கிலோ, ஆளும் மூட்டையும் சேர்த்து 90 கிலோ என்று வையுங்கள். 8 சதவீத ஏற்றத்தில் விடாமல் 200 வாட் மிதிப்பவருக்கும் மணிக்கு 7 கிலோமீட்டர்தான் கிடைக்கும். 1,000 மீட்டர் உயரம் ஏற ஏறக்குறைய 2 மணி நேரம். அதனால் தூரத்தை விட்டுவிட்டு மொத்த ஏற்றத்தைக் கூட்டிப் பாருங்கள். கடைசி இறக்கம் இருட்டுவதற்குள் முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டு, கிளம்பும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

ஏற்றம் களைப்பைத்தான் தரும். இறக்கம்தான் ஆபத்து. சாதாரண சைக்கிளில் 8 சதவீத இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் விட்டால், 50 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிக் காற்றே தடுத்து நிறுத்திவிடும். வெலோமொபைலில் அந்தத் தடுப்பு கிடையாது; அதே சரிவில் அது 100-ஐத் தாண்டியும் வேகம் கூட்டிக்கொண்டே போகும். ஆகவே காற்று செய்ய வேண்டிய வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. மேலே சொன்ன எடையை 40 கிலோமீட்டர் வேகத்திலேயே பிடித்து வைக்க, ஏறக்குறைய 1,000 வாட் வெப்பம் வெளியேற வேண்டும். ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூடு அது. அதை இரண்டு முன்சக்கரங்களிலும் உள்ள 70 அல்லது 90 மில்லிமீட்டர் டிரம்கள், அதாவது உள்ளிருந்து கட்டை அழுத்திப் பிடிக்கும் மூடிய பிரேக் உருளைகள், தாங்க வேண்டும்.

டிரம் பிரேக் குளிர்காலத்துக்கு நல்லதுதான். சேறும் உப்பும் உள்ளே போகாது. ஆனால் அந்த மூடிய அமைப்பில் சூடு மெதுவாகத்தான் வெளியேறும். டிரம் சூட்டில் விரிந்து பிரேக் கட்டையை விட்டு விலகும், கட்டையின் பிடிப்பும் குறையும். லீவர் வழக்கத்தைவிட உள்ளே போகிறது, கருகல் வாசனை வருகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். வெளியே பனி கொட்டுகிறதே, பிரேக் எப்படிச் சூடாகும் என்று நினைக்க வேண்டாம். வேகம் கூடிய பிறகு பிரேக்கைத் தேடாமல், உச்சியிலிருந்தே மெதுவாக இறங்குங்கள். நீண்ட இறக்கமாக இருந்தால், லீவர் சரியாக இருக்கும்போதே பாதி வழியில் நின்று டிரம்மை ஆறவிடுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

டயரில் நடக்கும் தவறும் இதோடு சேர்ந்ததுதான். மூன்றில் ஒரே சக்கரம், பின்சக்கரம், வண்டியைத் தள்ளுகிறது. எடையில் பெரும்பகுதியோ முன்னால் இருக்கிறது. பனியில் ஏறும்போது பின்சக்கரம் சுழலும் என்பதால், ஆணி பதித்த டயரை அதற்கு மட்டும் போடுகிறவர்கள் உண்டு. அவர்கள் மேலே ஏறிவிடுவார்கள். அப்புறம் இறங்கும்போது, பிரேக் பிடிப்பதும் திருப்புவதும் முன்சக்கரங்கள். அவற்றுக்குப் பிடிப்பே இருக்காது. போட்டால் மூன்றுக்கும் போடுங்கள். கனமான மூட்டையைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஏற்றத்தில் உதவும்.

அடுத்தது உடை. 200 வாட் மிதிக்கும் உடம்பு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் சூட்டை வெளிவிடுகிறது. 7 கிலோமீட்டர் வேகத்தில் கூட்டுக்குள் காற்றோட்டம் இருக்காது. குளிருக்குப் பயந்து நாலு அடுக்கு போட்டவர் உச்சிக்கு வரும்போது உள்ளாடை வரை நனைந்திருப்பார், அதே ஈரத்தோடு இறங்குவார். நடுக்கம் அங்கேதான் ஆரம்பிக்கும். ஏற்றம் தொடங்கும் முன்பே கழற்றுங்கள், முதல் சில நிமிடம் குளிரட்டும். உச்சியில் உள்சட்டையை மாற்றிவிட்டு இறங்குங்கள்; அதற்காகவே ஒரு காய்ந்த சட்டை, நீர் புகாத பையில் இருக்கட்டும். முன்கண்ணாடியையும் ஏற்றத்தில் திறந்தே வையுங்கள். மூச்சின் ஆவி படிந்து உறைந்துவிட்டால் முதல் வளைவே தெரியாது.

கால்விரல்கள் உடம்புச் சூட்டுக்கு எட்டாமல் வண்டியின் மூக்கில் இருக்கின்றன. ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ள உள்ள உலோகக் க்ளீட் வேறு சூட்டை இழுக்கும். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் விறைக்கும். ஓர் அளவு பெரிய ஷூவே சரி.

தண்ணீர்ப் பையிலிருந்து உறிஞ்சும் குழாயில் குடித்ததும் ஊதி, மிச்சத்தைப் பைக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் குழாய் உறைந்து அடைத்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் தீரும். 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும், எனவே அறைக்குள் கொண்டுபோய் வெதுவெதுப்பான பிறகு சார்ஜில் போடுங்கள்.

இரவு தங்கும் இடத்தில் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போவதும் தவறு. சக்கரக் கூடுகளுக்குள் அப்பியிருக்கும் ஈரப்பனி விடிவதற்குள் கட்டியாகிவிடும், முன்சக்கரம் முழுதாகத் திரும்பாது. இளகியிருக்கும்போதே கையை விட்டுத் தோண்டி எடுத்துவிடுங்கள். பார்க்கிங் பிரேக்கையும் பூட்டி வைக்காதீர்கள். கேபிளில் ஈரம் இருந்தால் காலையில் பிடித்தபடியே உறைந்திருக்கும். சக்கரத்துக்கு ஒரு கட்டையை அண்டக் கொடுத்தால் போதும்.