சாணியை நிறுத்துப் பாத்துட்டு அப்புறம் குழி தோண்டுங்க: வீட்டுக்கு கோபர் கேஸ் போடுறது எப்படி

நம்ம திருநெல்வேலிப் பக்கம் பழைய ஊர்கள்ல தொழுவத்துக்குப் பின்னால, மேல செடி மொளைச்சு, உள்ள மழைத்தண்ணி நிக்கிற கோபர் கேஸ் தொட்டியை, அதாவது சாணியைக் கரைச்சு ஊத்தி சமையல் கேஸ் எடுக்குற தொட்டியைப் பாத்திருப்பீங்க. அதைக் காட்டித்தான் "இதெல்லாம் வேலைக்கு ஆவாது"ன்னு சொல்லுதாங்க. நான் பாத்த வரைக்கும் தொட்டி கெட்டு நின்னது கம்மி, சாணி பத்தாம நின்னதுதான் ஜாஸ்தி. நாலு மாடு இருக்கும்போது போட்டிருப்பாங்க, அப்புறம் ரெண்டை வித்திருப்பாங்க, இல்லன்னா மானியம் கூட வருதுன்னு முதல்லயே தேவைக்கு மேல பெருசா கட்டியிருப்பாங்க. அதனால சிமெண்ட் வாங்கப் போறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு தராசு வேணும், அதுதான் முதல் வேலை.

ஒரு வாரம் தொழுவம் கூட்டும்போது சாணியை ஒரு வாளியில அள்ளி தொங்குத் தராசுல மாட்டி எடையை எழுதி வைங்க. கட்டிப்போட்டு தீனி போடுற நாட்டு மாடு ஒரு நாளைக்கு சுமார் 10 கிலோ போடும், ஜெர்சி கலப்பு மாடோ எருமையோ 15 கிலோ வரைக்கும் போடும், ஆனா மேய்ச்சலுக்குப் போற மாடுன்னா பாதி சாணி குளத்தங்கரையிலயும் தரிசுலயும் போயிரும், நம்ம கைக்கு வர்றதுதான் கணக்கு. 25 கிலோ பச்சைச் சாணிக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். ஒரு ஆளுக்கு ஒரு நாள் சமையலுக்கு கால் கன மீட்டர்ல இருந்து 0.3 வரைக்கும் ஆகும். அப்போ மூணு நாலு பேர் உள்ள வீட்டுக்கு 1 கன மீட்டர் தொட்டி (தொட்டியோட கொள்ளளவு இல்ல, ஒரு நாளைக்கு அது தர்ற கேஸோட அளவு), அஞ்சாறு பேருன்னா 2 கன மீட்டர் தொட்டி, அதுக்கு தினம் 50 கிலோ சாணி. உங்க எடை 30 கிலோன்னு வந்தா 1 கன மீட்டரோட நில்லுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க 2 போட்டாங்கன்னு நீங்களும் போடாதீங்க.

என்ன மிச்சம்னு கேப்பீங்க. ஒரு கன மீட்டர் கோபர் கேஸ் கிட்டத்தட்ட 430, 450 கிராம் சிலிண்டர் கேஸுக்கு சமம். ரெண்டு கன மீட்டர் ஒழுங்கா ஓடுச்சுன்னா மாசத்துக்கு 25 கிலோவுக்கு மேல வருது, ஒரு சிலிண்டர்ல இருக்கிறது 14.2 கிலோ, நீங்களே வகுத்துக்கோங்க. இதைவிட எனக்கு முக்கியமாப் படுறது, வெயில்ல உடைமுள்ளு காட்டுக்குள்ள போயி முள்ளுக் குத்த வெறகு பொறுக்குற அக்காமாரோட வேலையும் அந்த புகையும்தான், அது எந்த கணக்குலயும் வராது.

இடம் பாக்கிறதுல அவசரப்படாதீங்க. நாள் பூரா வெயில் விழணும், ஏன்னா உள்ள வேலை செய்யுற நுண்ணுயிருக்கு 35 டிகிரி பக்கத்துல இருந்தா நல்லது, திருநெல்வேலி வெயில் இந்த ஒரு விஷயத்துக்கு நமக்கு வரம். வேப்பமரம், புளியமரம் பக்கத்துல வேண்டாம், வேர் தொட்டியைப் பொளந்திரும். கிணறோ அடிபம்போ இருந்தா 15 மீட்டராவது தள்ளிப் போங்க. அடுப்பங்கரைக்கு 20 மீட்டருக்குள்ள, தொழுவத்தை ஒட்டி இருந்தா இன்னும் நல்லது, சாணியைச் சொமக்குற தூரம் கூடிச்சுன்னா ரெண்டாவது மாசமே சலிச்சுப் போயிரும்.

அப்புறம் ஊருக்கு ஊரு மண்ணு வேற. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி மாதிரி ஆத்துப் பாசனத்துல உள்ள வயக்காட்டு ஊர்னா ஐப்பசி கார்த்திகையில தோண்டுன உடனே தண்ணி ஊறும், காலியா கிடக்குற தொட்டியை அந்த ஊத்துத் தண்ணி மேல தூக்கக்கூட செய்யும், அதனால பங்குனி சித்திரையில கட்டி முடிச்சு மழைக்கு முன்னாடி சாணி நெரப்பிருங்க. ராதாபுரம், திசையன்விளை பக்கம் பிரச்சனையே வேற, அங்க தண்ணிதான் இல்ல, தினம் சாணி எவ்வளவோ அவ்வளவு தண்ணி வேணும்ல. அதுக்கு மாடு கழுவுன தண்ணி ஆகும், சோப்பு கலக்காம இருந்தா போதும், வெளிய வர்ற கழிவை வடிச்ச தண்ணியையும் கொஞ்சம் சேத்துக்கலாம். உவரி, கூத்தங்குழி மாதிரி கடலோர ஊர்ல இரும்பு டிரம் வச்ச மாடல் வேண்டாம், உப்புக்காத்து சீக்கிரம் அரிச்சிரும், ஃபைபர் டிரம் இல்லன்னா செங்கல்லுல கட்டுற மாடல்தான் தாங்கும்.

மாடல்னு பாத்தா நமக்கு ரெண்டுதான் முக்கியம். ஒண்ணு காதி கமிஷன் பரப்புன மிதக்கும் டிரம் மாடல், கேஸ் சேர சேர டிரம் மேல ஏறும், எவ்வளவு இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். இன்னொண்ணு தீனபந்து, 1984ல வந்தது, பூமிக்குள்ள செங்கல்லுல உருண்டையா கட்டுறது, துருப்பிடிக்க ஒண்ணும் இல்ல, மேல இடமும் அடைக்காது, செலவும் கம்மி. நான் தீனபந்துதான் சொல்லுவேன், ஆனா ஒரு நிபந்தனை, ஏற்கெனவே இந்த மாடல் கட்டிப் பழகுன கொத்தனார் கிடைக்கணும். வீடு நல்லா கட்டுவார்ங்கிறது போதாது, குவிமாடத்துல தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் கேஸ் பூரா போயிரும், அதனால உள் பூச்சு பல அடுக்கா பூசி ரெண்டு வாரம் நல்லா தண்ணி ஊத்தி பதப்படுத்தி, காஞ்ச பெறகு மேல பெயிண்ட் அடிக்கணும். ஒரே பால் சொசைட்டியில ஊத்துற நாலஞ்சு வீடு சேந்து அப்படி ஒரு ஆளை கூட்டிட்டு வந்தா கூலியும் குறையும், பின்னாடி ஒண்ணு கெட்டாலும் கேக்க ஆள் இருக்கும்.

மானியம் வேணும்னா குழி தோண்டுறதுக்கு முன்னாடியே ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துல கேட்டு எழுதிக் கொடுங்க, தொகை மாறிக்கிட்டே இருக்கும், கட்டி முடிச்சுட்டுப் போனா கிடைக்குறது கஷ்டம். மாடே இல்லாத வீடுன்னா கன்னியாகுமரி விவேகானந்தபுரத்துல விவேகானந்த கேந்திரத்தோட இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம், நார்டெப்னு சொல்லுவாங்க, அது இருக்கு, அவங்க சமையல் கழிவுல ஓடுற சக்தி சுரபின்னு ஒரு மாடல் வச்சிருக்காங்க, ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வாங்க.

முதல் தடவை நெரப்புறது பெரிய வேலை. 2 கன மீட்டர் தொட்டிக்கு, சாணி உள்ள 40 நாள் கிடக்கணும்னு கணக்கு வச்சா சுமார் 2 டன் சாணியும் அதே அளவு தண்ணியும் வேணும், உங்க வீட்டு சாணி மட்டும்னா பத்தாது, தெருவுல நாலு வீட்டுல சொல்லிவைங்க. சேத்து வைக்கிற சாணி நெழல்ல ஈரமா இருக்கணும், காஞ்சு வறட்டியாப் போனது ஆகாது. ஓடிட்டிருக்கிற ஒரு தொட்டியில இருந்து சில குடம் கரைசல் வாங்கி ஊத்துனா தயிருக்கு உறை ஊத்துற மாதிரி சீக்கிரம் பிடிச்சுக்கும். ரெண்டு மூணு வாரத்துல கேஸ் வர ஆரம்பிக்கும். முதல்ல வர்றதுல கார்பன் டை ஆக்சைடும் காத்தும்தான் கூட இருக்கும், எரியாது, அதுவுமில்லாம காத்து கலந்த கேஸ் வெடிக்கும், அதனால வால்வைத் திறந்து வெளிய விட்டுருங்க. எரியுதான்னு பாக்கணும்னா அடுப்புல வச்சு மட்டும் பாருங்க, தொட்டி மேல இருக்குற பைப்பு வாய்ல தீக்குச்சி கொளுத்தவே கூடாது. லீக் இருக்கான்னு பாக்க சோப்பு நுரை தடவுங்க, குமிழி வந்தா அங்கனதான்.

அடுப்பும் தனியா வாங்கணும். சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டுனா எரியாது, இந்த கேஸ்ல மீத்தேன் 55, 60 சதவீதம்தான், பிரஷரும் கம்மி, அதனால கேஸ் வர்ற ஜெட் ஓட்டை பெருசா உள்ள கோபர் கேஸ் அடுப்புதான் வேணும். பைப்பை லேசா சரிவா போட்டு தாழ்வான இடத்துல தண்ணி வடிக்கிற வால்வு ஒண்ணு வைங்க, கேஸோட ஈரமும் வரும், அது பைப்புல தேங்குனா தீ விட்டு விட்டு எரியும். நெறைய பேரு தொட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லுறது இந்த தண்ணியாத்தான் இருக்கும். பணகுடி, வள்ளியூர் பக்கம் ஆனி ஆடியில காத்து தூக்கும்ல, அடுப்பை ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்க, தீ அணைஞ்சு கேஸ் மட்டும் வீட்டுக்குள்ள வந்துட்டே இருக்கும்.

தினசரி வேலைன்னா காலையில ஒரு பங்கு சாணிக்கு ஒரு பங்கு தண்ணி, கட்டி இல்லாம கரைச்சு, வைக்கோலு கல்லு மண்ணு எடுத்துட்டு ஊத்தணும், அவ்வளவுதான், அரை மணி நேரம் ஆகும். மண்ணுதான் பெரிய எதிரி, அடியில படிஞ்சு படிஞ்சு தொட்டி கொள்ளளவையே குறைச்சிரும், தேரி மண்ணு, அதாவது செம்மணல் உள்ள ஊர்க்காரங்க தொழுவத்துக்கு சிமெண்ட் தரை போட்டுட்டு இதை ஆரம்பிங்க. பினாயில், சோப்புத்தண்ணி உள்ள போகக்கூடாது, மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தா சில நாளைக்கு அந்த மாட்டுச் சாணியை ஒதுக்கிருங்க. சோறு, காய்க்கழிவு கொஞ்சம் போடலாம், ஜாஸ்தி போட்டா உள்ள புளிச்சு கேஸ் நின்னுரும். அப்படி ஆனா கொஞ்ச நாள் எதுவும் ஊத்தாம விட்டு, அப்புறம் சாணி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க. மார்கழி குளிர்ல கேஸ் குறையுறது சகஜம், பயப்பட வேண்டாம்.

இந்த கரைக்கிற வேலை யாரு தலையிலன்னு வீட்ல முன்னாடியே பேசி முடிவு பண்ணுங்க. வெறகு பொறுக்குற வேலையைக் குறைச்சுட்டு சாணி கரைக்கிற வேலையை அதே பொம்பளை தலையில கட்டுறது நியாயமே இல்ல, ஆம்பளையாளு செய்யட்டும்.

வெளிய வர்ற கழிவு கேஸை விடக் குறைஞ்சது இல்ல. ஊத்துன அளவு கிட்டத்தட்ட அப்படியே வெளிய வரும், நாத்தம் இருக்காது, ஈ மொய்க்காது, தழைச்சத்து உள்ளேயே இருக்கும். வெயில்ல காய வச்சா அந்த சத்து காத்துல போயிரும், அதனால நெழல்ல சருகு, வாழைச்சருகு போட்ட குழிக்குள்ள விட்டு மக்க வைங்க, இல்லன்னா வாய்க்கால்ல தண்ணி பாயும்போதே கலந்து விடுங்க. களக்காடு, ஏர்வாடி பக்கம் வாழை போட்டவங்களுக்கு உரச்செலவு குறையறது இங்கதான்.

அஞ்சாறு வருஷம் கழிச்சு படிஞ்ச மண்ணை எடுக்க வேண்டி வரலாம். அப்போ யாரும் தொட்டிக்குள்ள எறங்கக்கூடாது, உள்ள ஆக்சிஜன் இருக்காது, விஷவாயு இருக்கும், ஒருத்தர் மயங்கி விழுந்தா தூக்கப் போறவரும் சேந்து போயிருவாரு. கேஸை பூரா வெளிய விட்டு, பம்பு வச்சு மேல நின்னே உறிஞ்சி எடுங்க, பக்கத்துல பீடி, விளக்கு, செல்போன் எதுவும் வேண்டாம், புள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீங்க. மத்த நாள்லயும் சாணி ஊத்துற வாய், வெளிய வர்ற வாய் ரெண்டுக்கும் கனமான ஸ்லாப் மூடி போட்டே இருக்கணும்.