கடலூர் ஈரத்தில் அடுப்படிச் சுவருக்கு வால்பேப்பர் ஒட்டுவது எப்படி

நாங்கள் இருப்பது கடலூர் முதுநகரில் ஒரு வாடகை வீடு. சமையல் மேடைக்குப் பின்னால் டைல்ஸ் கிடையாது, வெறும் டிஸ்டெம்பர் சுவர். வாரத்தில் நாலு நாள் மீன் வறுக்கிற வீட்டில் அது என்ன கதியாகும்? டைல்ஸ் பதிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அதனால்தான் வால்பேப்பர்.

முதல் தடவை 2024 அக்டோபரில் ஒட்டினேன். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை. ஒரே வாரத்தில் தாள் கீழ் விளிம்பிலிருந்து சுருண்டுகொண்டது. உரித்துப் பார்த்தால், பசைமேல் டிஸ்டெம்பர் ஏடு ஏடாக ஒட்டியிருந்தது. பசை விடவில்லை, சுவர்தான் விட்டுவிட்டது.

அதனால் சுவரிலிருந்து தொடங்குங்கள். உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். வெள்ளை மாவு கையோடு வந்தால் அதன்மேல் எதுவும் நிற்காது. அடுத்து, ஒரு சாண் பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. அது காயும்வரை தாள் வாங்கவே வேண்டாம். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டுவது வீண். மாசி, பங்குனிதான் சரி.

உப்புப் பூத்த இடத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி உதிர்த்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும் வெந்நீரில் சோப்புக் கரைசல். நன்றாகக் காய்ந்த பிறகு பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, தூசி தட்டி, ஒரு கை பிரைமர். இதற்கு மட்டும் எனக்கு நாலு நாள் ஆனது. தாள் ஒட்ட ஒரு காலை போதும்.

காகிதத் தாள் சமையலறைக்கு ஆகாது. பின்னால் பசையோடு வரும் பிவிசி தாள் வாங்குங்கள், துடைக்கலாம். ஆனால் பிவிசி 80 டிகிரி சூட்டை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். அடுப்புக்கு நேர் பின்னால் அதை நம்பக் கூடாது. அந்த இடத்தில் நான் தாளே ஒட்டவில்லை. எவர்சில்வர் தகடு ஒன்றை வெட்டி வாங்கி மேடைமேல் சாய்த்து வைத்திருக்கிறேன். அத்தை தாளிக்கும்போது கடுகு வெடித்துத் தெறிப்பதெல்லாம் அதில்தான். ராத்திரி எடுத்துப் பாத்திரத்தோடு தேய்த்துவிடலாம். சொந்த வீடென்றால் டஃபண்ட் கண்ணாடி (சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி) போடுங்கள். ஆனால் அதைப் பிறகு அறுக்கவோ துளைக்கவோ முடியாது, அளவும் ஓட்டையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

என் மேடை 8 அடி நீளம், அலமாரி வரை 2 அடி உயரம். தாளின் அகலம் 45 செ.மீ. அடுப்பு இடத்தைக் கழிக்காமல் கணக்குப் போட்டால், நெட்டுவாக்கில் 65 செ.மீ. துண்டுகளாக ஆறு. 5 மீட்டர் சுருளில் பூ பொருத்தியது போகவும் மிச்சம் இருந்தது.

முதல் துண்டுக்கு மூலையை நம்பாதீர்கள், பழைய வீட்டு மூலை நேராக இருக்காது. நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டு போலத் தொங்கவிட்டுப் பென்சிலால் கோடு போடுங்கள். பின்தாளை மொத்தமாக உரிக்காமல் மேலே நாலு விரல் அளவு உரித்து ஒட்டி, துணி சுற்றிய ஸ்கேலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இறங்குங்கள். இது இரண்டு பேர் வேலை. என் பெண் கீழே உட்கார்ந்து பின்தாளை இழுத்துக்கொண்டே வந்தாள். குமிழ் நின்றால் ஊசியால் குத்தி அழுத்துங்கள். சுவிட்ச் போர்டு பக்கம் வரும்போது மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றுங்கள்.

கடைசியாக, தாள் கிரானைட்டைத் தொடும் விளிம்பு முழுக்க, இடுக்கை அடைக்கும் சிலிகான் பசையால் கோடு போட்டு, நனைத்த விரலால் இழுத்துவிடுங்கள். மேடை கழுவும் தண்ணீர் நுழைவது அங்கேதான். நான் முதல் தடவை விட்டதும் அதைத்தான். ஒரு நாள் முழுக்க அதில் தண்ணீர் படக் கூடாது.

மிச்சத் தாளைச் சுருட்டி எடுத்து வையுங்கள். எங்காவது கிழிந்தால் அதே பூ வரும் துண்டை மேலே வைத்து, பிளேடால் இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டி, அடித்துண்டை எடுத்துவிட்டுப் புதியதை அந்தக் குழியில் ஒட்டுங்கள். மிக்சி இடித்த இடத்தில் நான் அப்படி ஒரு துண்டு வைத்திருக்கிறேன். விரலால் தடவினால்தான் தெரிகிறது.