மின் கிட்டாருக்கும் பேஸுக்கும் ரேக் வயர்லெஸ்: பார்த்து வாங்குவது எப்படி?

கேபிள் இல்லாமல் மேடையில் வாசிக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது "எந்த பிராண்டு நல்லது?" என்பதைத்தான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ரிசீவர் எங்கே உட்காரப் போகிறது, எந்த அதிர்வெண்ணில் ஓடப் போகிறது என்ற இரண்டையும் முடிவு செய்யாமல் வாங்கினால், விலை உயர்ந்த சாதனம்கூட நிகழ்ச்சியின் நடுவில் காலை வாரிவிடும். இவை சரியாக இருந்தால் நடுத்தர விலைச் சாதனமே வருடக்கணக்கில் உழைக்கும்.

இதற்கு முன் வயர்லெஸ் பயன்படுத்தாதவர்களுக்காக அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கிட்டாரிலிருந்து ஒரு குட்டி கேபிள், பட்டையிலோ இடுப்பிலோ மாட்டிய பாடிபேக் டிரான்ஸ்மிட்டருக்குப் போகும். அது சிக்னலை வானொலி அலையாக அனுப்பும். ரேக்கில் திருகி மாட்டிய ரிசீவர் அதை வாங்கி மறுபடி சாதாரண கிட்டார் சிக்னலாக ஆம்ப்புக்குக் கொடுக்கும். ரேக் என்பது சாதனங்களைத் திருகி அடுக்கும் சட்டகம், அதன் அகலம் 19 அங்குலம். உயரத்தை 'யூ' கணக்கில் சொல்வார்கள், ஒரு யூ என்றால் 1.75 அங்குலம். பல ரிசீவர்கள் பாதி அகலத்தில் வருகின்றன, ஒரு யூ இடத்தில் இரண்டை அருகருகே மாட்டலாம். கிட்டாருக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள வசதி.

படி 1: ஒலி போகும் பாதையை வரையுங்கள்

ஒரு தாளை எடுத்து கிட்டார், பெடல்கள், ஆம்ப், மிக்ஸருக்குப் போகும் வழி எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டு வரையுங்கள். உங்கள் பெடல்போர்டு மேடையின் முன்னால் காலடியில் இருக்கிறதா? அப்படியானால் பின்னால் ஆம்ப் அருகே இருக்கும் ரேக்கிலிருந்து முன்னால் ஒரு கேபிள் வரவேண்டும், பெடல்களைக் கடந்து மறுபடி பின்னால் போக வேண்டும். கேபிளை ஒழிக்க வாங்கிய சாதனம் தரையில் இரண்டு நீள கேபிள்களைப் போட வைக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு நான் ரேக்கைச் சொல்லமாட்டேன். பெடல் வடிவ ரிசீவரே போதும்.

ரேக் யாருக்குப் பொருந்தும்? ஆம்ப் மாடலர் (ஆம்ப்பின் ஒலியை டிஜிட்டலாகப் போலி செய்யும் சாதனம்) அல்லது பிரீஆம்ப் ஏற்கெனவே ரேக்கில் இருப்பவர்களுக்கு. பெடல்களை ரேக் டிராயரில் வைத்து, முன்னால் ஃபுட் கன்ட்ரோலர் மட்டும் வைப்பவர்களுக்கு. மிக்ஸருக்கு நேரடியாகப் போகும் பேஸ் கலைஞர்களுக்கு. ஒரே குழுவில் நான்கைந்து பேர் வயர்லெஸ் பயன்படுத்தினால் எல்லா ரிசீவர்களையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போகலாம் என்பது பெரிய நிம்மதி.

படி 2: அதிர்வெண்ணை முடிவு செய்யுங்கள்

அவசரப்படாமல் யோசிக்க வேண்டிய இடம் இது. சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை, 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் யூஎச்எஃப் பகுதியில் ஓடுபவை.

2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உலகின் பெரும்பாலான நாடுகளில் உரிமம் வேண்டாம். இந்தியாவிலும் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோனாலும் தலைவலி இல்லை. ஆனால் வைஃபை, புளூடூத் எல்லாம் அதே இடத்தில்தான் இருக்கின்றன. சாயங்காலம் காலி அரங்கில் சவுண்ட் செக் செய்யும்போது அருமையாக இருக்கும். இரவு ஐந்நூறு பேர் ஐந்நூறு போன்களோடு வந்து உட்கார்ந்ததும் சிக்னல் விட்டுவிட்டு வரும். போதாக்குறைக்கு மனித உடல் இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சும். நீங்கள் ரிசீவருக்கு முதுகு காட்டினாலோ, நடுவில் நான்கு பேர் நின்றாலோ எட்டும் தூரம் சுருங்கும். டிஜிட்டல் மிக்ஸரை டேப்லெட்டில் இயக்கும் குழு என்றால், அந்த வைஃபை ரூட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ரிசீவரிலிருந்து சில மீட்டர் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பல குழுக்களின் பிரச்சினை இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடும்.

யூஎச்எஃப் அலைகள் உடலையும் கூட்டத்தையும் சுற்றி வருவதில் கெட்டி. பெரிய மேடைக்கும் பல சேனல்களுக்கும் இதுதான் என் தேர்வு. ஆனால் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 617–652, 663–698 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளை வயர்லெஸ் மைக், கிட்டார் சாதனங்களுக்குப் பயன்படுத்த 2020 ஜூலை 13-க்குப் பிறகு தடை. பிரிட்டனில் 863–865 மெகாஹெர்ட்ஸுக்கு உரிமம் வேண்டாம், 606–614-க்கு வேண்டும். இந்தியாவில் 2022 ஏலத்துக்குப் பிறகு 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி 5ஜி போன்களுக்குப் போய்விட்டது, அதனால் அந்தப் பகுதியில் ஓடும் பழைய சாதனத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

ஒரே மாடல் வெவ்வேறு அலைவரிசைகளில் விற்கப்படுகிறது என்பது புதியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஷூர் எஸ்எல்எக்ஸ்-டி ஒரே பெயரில் வந்தாலும், ஜி58 என்று எழுதியிருப்பது 470–514 மெகாஹெர்ட்ஸ், எச்55 என்பது 514–558. பெட்டியின் ஓரத்தில் இருக்கும் இந்தச் சின்னக் குறியீட்டைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு உறவினர் வாங்கி வருவதாக இருந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். இந்தியாவில் வாங்குபவர்கள் அந்த மாடலுக்கு டபிள்யூபிசி (வானொலி அலைகளை நிர்வகிக்கும் மத்திய அரசுப் பிரிவு) ஒப்புதல் இருக்கிறதா, அந்த அலைவரிசைக்கு உரிமம் தேவையா என்று டீலரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: உங்கள் டோனுக்கு என்ன ஆகும் என்று புரிந்துகொள்ளுங்கள்

"வயர்லெஸ் போட்டதும் கிட்டார் கூர்மையாகக் கேட்கிறது" என்று பலர் சொல்வார்கள். அது பிரமை இல்லை. கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபேரட் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) இருக்கும். ஆறு மீட்டர் கேபிளில் அது 600 ஆகிறது. பேசிவ் பிக்கப்பின் (பேட்டரி இல்லாமல் தந்தி அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) காயிலோடு சேர்ந்து அது மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் மழுக்கும். நாம் இத்தனை வருடம் "என் டோன்" என்று பழகியதில் அந்தக் கேபிளுக்கும் பங்கு உண்டு. பாடிபேக்கோடு வரும் குட்டி கேபிளில் இந்த மழுக்கல் கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் லைன் 6 போன்ற சில நிறுவனங்கள், கேபிள் நீளத்தைப் போலி செய்யும் வசதியைச் சாதனத்திலேயே வைத்தன. அந்த வசதி இல்லாவிட்டால் டோன் குமிழைச் சற்றே குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல்கள் விஷயம் வேறு. அவை பிக்கப்போடு நேரடியாக இணைந்திருந்தால்தான் சரியாக நடந்துகொள்ளும். நடுவில் வயர்லெஸ் வந்தால் ஒலி கரடுமுரடாகும், வால்யூமைக் குறைத்தால் இனிமையாகத் தெளியும் அந்தக் குணமும் போய்விடும். உங்கள் இசையே அந்தப் பெடலை நம்பித்தான் இருக்கிறது என்றால், வாங்கும் முன் அதைக் கடைக்கு எடுத்துப்போய் வாசித்துப் பாருங்கள்.

பேஸ் கலைஞர்கள் கீழ் ஸ்தாயியைப் பார்க்க வேண்டும். நான்கு தந்தி பேஸின் தாழ்ந்த ஈ (E) சுரம் 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தியின் பி (B) சுமார் 31 ஹெர்ட்ஸ். குரலுக்காக வடிவமைத்த சில பாடிபேக்குகள் இந்த இடத்திலேயே வெட்டிவிடும். விவரத்தாளில் 20 ஹெர்ட்ஸிலிருந்து என்று இருந்தால் நிம்மதி. அனலாக் சாதனங்களில் இன்னொன்றும் இருக்கிறது. அவை சிக்னலை அனுப்பும் முன் அமுக்கி, வாங்கிய பிறகு விரிக்கும். பேஸின் நீண்ட சுரம் மெல்ல அடங்கும்போது இரைச்சல் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குவது காதில் விழும். டிஜிட்டலில் இது இல்லை, ஆகவே பேஸுக்கு டிஜிட்டல்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

இந்த அமுக்கி விரிக்கும் வேலைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1970களில் கென் ஷாஃபர் உருவாக்கிய ஷாஃபர்-வேகா வயர்லெஸ்ஸை ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங் பயன்படுத்தினார். அந்தச் சாதனம் சிக்னலில் சேர்த்த நிறம் பிடித்துப்போய், இன்று அதைப் பெடலாகவே செய்து விற்கிறார்கள்.

டிஜிட்டலுக்காக நாம் கொடுக்கும் விலை, ஒலி வந்து சேர்வதில் ஏற்படும் தாமதம். ஒலி காற்றில் ஒரு மில்லிசெகண்டில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். அப்படியானால் 3 மில்லிசெகண்ட் தாமதம் என்பது ஆம்ப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். தனியாக இது யாருக்கும் தெரியாது. ஆனால் மாடலர், டிஜிட்டல் மிக்ஸர், காதில் மாட்டும் டிஜிட்டல் இன்-இயர் மானிட்டர் எல்லாம் வரிசையாகச் சேர்ந்தால் விரல்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும். படி 1-இல் வரைந்த தாளில் ஒவ்வொன்றின் தாமதத்தையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பத்து மில்லிசெகண்டைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது.

படி 4: ரிசீவரின் முன்னும் பின்னும் பாருங்கள்

ஆன்டெனாக்கள் பின்பக்கம் இருந்து, ரேக் பெட்டி உலோகமாக இருந்தால், அலைகள் உள்ளே வர வழியில்லை. ஆன்டெனாவை முன்பக்கம் கொண்டுவரும் கிட் அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஆடியோ-டெக்னிகாவின் சிஸ்டம் 10 ப்ரோவில் ரிசீவர் பகுதியையே கழற்றி, ஈதர்நெட் கேபிள் மூலம் மேடைக்கு அருகே வைக்கலாம், மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. நான்கு ரிசீவருக்கு மேல் போனால் எட்டு ஆன்டெனாக் குச்சிகளை நட்டுவைக்காமல், ஒரே ஜோடி ஆன்டெனாவின் சிக்னலை எல்லா ரிசீவர்களுக்கும் பகிரும் ஆன்டெனா டிஸ்ட்ரிபியூட்டர் வாங்குங்கள். அதற்கு 50 ஓம் கேபிள்தான் வேண்டும், வீட்டு டிவி கேபிள் 75 ஓம்.

வெளியீட்டில் ஆம்ப்புக்கு கால் அங்குல ஜாக்கும், மிக்ஸருக்கு எக்ஸ்எல்ஆரும் (மைக் கேபிளின் மூன்று முள் இணைப்பு) இரண்டுமே இருக்கட்டும். எக்ஸ்எல்ஆரில் மைக், லைன் மாற்றும் வசதி இருப்பது நல்லது. மின்சாரம் அடாப்டர் வழியாக வந்தால், அதன் முனை திருகிப் பூட்டும் வகையா என்று பாருங்கள். வேனில் குலுங்கிவரும் ரேக்கில் முதலில் கழன்றுவிழுவது அதுதான்.

பாடிபேக்கைப் பொறுத்தவரை உலோக உடல், அறுந்தால் எங்கும் வாங்கக்கூடிய கேபிள், ரீசார்ஜ் பேட்டரி ஆகியவை முக்கியம். ஷூர் நான்கு முள் மினி எக்ஸ்எல்ஆர் வைக்கிறது, சென்ஹைசர் திருகும் 3.5 மி.மீ. வைக்கிறது. ஒன்றின் கேபிள் மற்றொன்றுக்குச் சேராது, அதனால் கூடுதலாக ஒரு கேபிளைச் சாதனத்தோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

படி 5: இப்போது மாடலைப் பாருங்கள்

சிறிய அரங்குகளில் வாசிக்கும் குழு, உரிமத் தொல்லை வேண்டாம் என்றால் ஷூர் ஜிஎல்எக்ஸ்-டி ப்ளஸ் ரேக் மாடல். இது 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் ஓடும், எனவே நெரிசலைத் தவிர்க்க வழி இருக்கிறது. பெரிய மேடை, திறந்தவெளி என்றால் யூஎச்எஃப் டிஜிட்டல்: ஷூர் எஸ்எல்எக்ஸ்-டி அல்லது சென்ஹைசர் ஈடபிள்யூ-டி. சென்ஹைசரின் தாமதம் 1.9 மில்லிசெகண்ட், அதன் டைனமிக் ரேஞ்ச் (கையாளும் மிக மெல்லிய சிக்னலுக்கும் மிகப் பலமான சிக்னலுக்கும் உள்ள இடைவெளி) 134 டெசிபெல். பலமான சிக்னல் தரும் ஆக்டிவ் பேஸையும் மெல்லிய சிக்னல் தரும் சிங்கிள் காயில் பிக்கப் கிட்டாரையும் ஒரே பாடிபேக்கில் மாற்றி மாற்றி மாட்டினாலும் டிரான்ஸ்மிட்டரில் கெயினைத் திருக வேண்டியதில்லை. நிறைய கிட்டார் மாற்றி வாசிப்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

"100 மீட்டர் எட்டும்" என்ற விளம்பர வரியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தடையில்லாத வெட்டவெளியில் எடுத்த அளவு அது. உங்கள் மேடை பெரும்பாலும் பதினைந்து மீட்டரைத் தாண்டாது. அந்தப் பதினைந்து மீட்டரில் ஒருமுறைகூட அறுபடாமல் இருப்பதுதான் வேண்டும்.

படி 6: முதல் நிகழ்ச்சிக்கு முன்

மேடையில் உள்ள எல்லாவற்றையும், குறிப்பாக எல்இடி திரைகளை, ஓடவிட்டு, உங்கள் டிரான்ஸ்மிட்டர்களை மட்டும் அணைத்துவிட்டு, காலியான அதிர்வெண்களைத் தேட ரிசீவரில் ஸ்கேன் செய்யுங்கள். எல்இடி திரைகள் யூஎச்எஃபில் நிறைய இரைச்சலைக் கக்கும். அப்புறம் ரிசீவர் தரும் ஒரே குரூப்பில் (ஒன்றோடொன்று மோதாத சேனல்களின் தொகுப்பு) ஆளுக்கு ஒரு சேனலை எடுத்துக்கொள்ளுங்கள், அவரவர் மனம்போல் போடாதீர்கள். 520.0, 520.8 மெகாஹெர்ட்ஸில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே இருந்தால், அவை கலந்து 519.2, 521.6 ஆகிய இடங்களிலும் பேய் சிக்னல்கள் தோன்றும். மூன்றாமவர் சம இடைவெளி என்று நினைத்து 521.6-இல் போய் உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வார்.

பிறகு ஒலி அளவு. ஆம்ப்பின் ஒலி கரகரக்கத் தொடங்கும் விளிம்பில் வைத்து, முதலில் கேபிளில் வாசியுங்கள். அதே வாசிப்பை வயர்லெஸ்ஸில் வாசித்து, அதே விளிம்பில் கரகரக்கும்வரை ரிசீவர் வெளியீட்டை மாற்றுங்கள். பெடல்கள் எல்லாம் பழையபடி நடந்துகொள்ளும்.

ஒருவர் காதில் கேட்டுக்கொண்டிருக்க, வாசித்தபடியே மேடையின் எல்லா மூலைக்கும் நடந்து பாருங்கள், ரிசீவருக்கு முதுகைக் காட்டியும் நில்லுங்கள். எங்கே அறுபடுகிறதோ அங்கிருந்து பார்த்தால் ஆன்டெனா தெரிகிறதா என்று கவனியுங்கள்.

எர்த்திங் சரியில்லாத, ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் வாசிப்பவர்களுக்கு வயர்லெஸ் ஒரு பாதுகாப்பும்கூட. 1976 டிசம்பரில் ஃபுளோரிடாவின் லேக்லண்டில் கிஸ் குழுவின் ஏஸ் ஃப்ரேலி, கையில் கிட்டாரோடு உலோகக் கைப்பிடியைத் தொட்டு மின்சாரம் தாக்கி விழுந்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் குழு வயர்லெஸ்ஸுக்கு மாறியது. வயர்லெஸ் இருந்தால் கிட்டார் தந்திக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் கம்பித் தொடர்பே இல்லை, உதடு மைக்கில் பட்டாலும் உங்கள் கை வழியாக மின்சாரம் ஓட வழி கிடையாது. ஆம்ப்பையோ ரேக்கையோ நேரடியாகத் தொடும் ஆளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் ரேக்கின் எர்த் முள்ளை வெட்டிவிட்டு இரைச்சலைக் குறைக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், மேடைக்கு வரும் மின்சாரத்தின் எர்த்தை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்த பிறகே ரேக்கை ஆன் செய்யுங்கள்.