வெளிநாட்டு நண்பரை நம் தொழிலில் வேலைக்கு வைக்க: எம்ப்ளாய்மென்ட் விசா, படிப்படியாக

கானாடுகாத்தானில் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கியவர்கள், ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவர்கள், காரைக்குடியில் பழம்பொருள் கடை நடத்துபவர்கள் என்று நம் பக்கத்தில் பலருக்கும் வெளிநாட்டு நண்பர்கள் உண்டு. விருந்தாளியாக வந்து முற்றத்தைப் பார்த்து மயங்கியவர், “எனக்கு இங்கேயே ஒரு வேலை கொடுங்களேன்” என்பார். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆள் அனுப்பிப் பழகிய செட்டிநாட்டுச் சீமைக்கு, ஆளை வரவழைப்பது கொஞ்சம் புதுசுதான். சரி என்று வாக்குக் கொடுக்கும் முன் கீழே உள்ளதைப் பார்த்துவிடுங்கள்.

1. விசாவே தேவையா?

நண்பரின் பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத்தாத்தா என்று யாராவது இந்தியர் என்றால், அவரிடம் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை) இருக்கிறதா என்று கேளுங்கள். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நமக்குச் சொந்தங்கள் ஏராளம். அட்டை உள்ளவருக்கு வேலை விசா வேண்டாம். பத்திரிகைப் பணி, மதப் பிரசாரம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனி அனுமதி வாங்க வேண்டும்.

2. சம்பளக் கணக்கு

பெரும்பாலான ஆசைகள் நின்றுபோகும் இடம் இது. வேலை விசாவில் வருபவருக்கு ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் கொடுக்க வேண்டும். மாதத்துக்கு ஏறக்குறைய 1.35 லட்சம். உங்கள் மேனேஜருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

தங்க இடம் இலவசமாகக் கொடுத்தால், வருமான வரியில் சம்பளமாகக் கொள்ளப்படும் அளவுக்கு அதன் மதிப்பையும் இதில் சேர்க்கலாம். ஆனால் விடுதியின் அறை வாடகைப் பட்டியலில் இருக்கும் தொகையை அப்படியே எழுதிவிட முடியாது. ஒப்பந்தத்தில் ரொக்கச் சம்பளம் எவ்வளவு, வீட்டு வசதியின் மதிப்பு எவ்வளவு என்று தனித்தனியாக ரூபாயில் எழுதியிருக்க வேண்டும். மதிப்பை ஆடிட்டர் போட்டுத் தரட்டும்.

விதிவிலக்குகளும் உண்டு. தங்கள் நாட்டுச் சமையலைச் செய்யும் சமையல்காரர்கள், ஆங்கிலம் தவிர மற்ற மொழி கற்பிப்பவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் ஆகியோருக்கு இந்த வரம்பு கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் நிறைய வந்து போகும் விடுதிக்கு பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் அது நியாயமான வேலை. அதற்காக வரவேற்பறையில் உட்கார வைக்கப்போகும் நண்பரை மொழிபெயர்ப்பாளர் என்று காகிதத்தில் மட்டும் எழுதாதீர்கள். மாட்டினால் அவர் நாட்டைவிட்டுப் போக வேண்டியிருக்கும், அவருக்குப் பொறுப்பேற்ற ஸ்பான்சர் நீங்கள்.

3. ஏன் இவர்தான்?

உள்ளூரில் தகுதியான ஆள் கிடைக்கும் வேலைக்கும், குமாஸ்தா போன்ற சாதாரண வேலைக்கும் விசா தரமாட்டார்கள். “நல்ல மனுஷர், பத்து வருஷப் பழக்கம்” என்பது காரணமாகாது. சுண்ணாம்புப் பூச்சைப் பழுதுபார்க்கும் மரபுக் கட்டட நிபுணர், அதற்கான பட்டம், செய்து முடித்த வேலைகளின் படங்கள் என்று இருந்தால் பேச ஏதோ இருக்கிறது. இந்தக் கடிதத்தை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். எந்த வேலை, அதை இங்கே செய்ய ஏன் ஆள் இல்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

4. காகிதங்கள்

உங்கள் பக்கம்: நிறுவனப் பதிவுச் சான்று, ஜிஎஸ்டி, பான், வருமான வரிக் கணக்கு, இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அவருக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் கடிதம். அவர் பக்கம்: பாஸ்போர்ட், பட்டம், அனுபவச் சான்றுகள். பெயரும் சம்பளமும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

5. விண்ணப்பம்

அவர் தன் நாட்டிலிருந்தோ, நிரந்தரமாக வசிக்கும் நாட்டிலிருந்தோதான் விண்ணப்பிக்க வேண்டும். அரசின் விசா இணையதளத்தில் படிவத்தை நிரப்பி, அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ விசா மையத்திலோ கொடுப்பார். இணையத்திலேயே கிடைக்கும் இ-விசாவில் இந்த வகை இல்லை. டூரிஸ்ட் விசாவில் வந்துவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சம்பளத்துக்கு இல்லாமல் பங்குதாரராகச் சேர நினைப்பவருக்கு பிசினஸ் விசா என்று வேறு வழி இருக்கிறது. முதலீட்டுக்கு ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிகள் உண்டு, அது தனிக் கதை.

6. வந்து இறங்கிய பிறகு

அவர் தங்குவது உங்கள் வீடே என்றாலும் 24 மணி நேரத்துக்குள் நீங்கள் இணையத்தில் அரசுக்குத் தகவல் தர வேண்டும். விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால், 14 நாளுக்குள் அவர் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அவருக்கு பான் எடுத்து மாதாமாதம் டிடிஎஸ் பிடியுங்கள். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடம் என்றால், வெளிநாட்டுப் பணியாளருக்கான பி.எஃப். விதிகளை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசாவை ஒரு வரம்பு வரை ஆண்டாண்டாக நீட்டித்துக்கொண்டு போகலாம். அந்த விசா உங்கள் நிறுவனத்தோடு கட்டப்பட்டது. இருவருக்கும் ஒத்துவரவில்லை என்றால் அவர் பக்கத்துத் தெரு விடுதியில் போய்ச் சேர முடியாது, ஊருக்குத் திரும்பிப் புது விசா எடுத்துத்தான் வர வேண்டும். இதையும் ஒப்பந்தம் போடும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.