சும்மா இருக்கத் தெரிந்த பெட்டி: டியூப் சேனல் ஸ்ட்ரிப் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு வில்லுப்பாட்டு அண்ணாச்சியைப் பாட வைத்துப் பதிவு செய்தேன். கோயில் கொடைக் காலம் முடிந்து அவருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருந்த நேரம். ஒரே ஒரு மைக். அதிலிருந்து நான் புதிதாக வாங்கிய டியூப் சேனல் ஸ்ட்ரிப் (மைக்கின் ஒலியைப் பெரிதாக்கிச் சீர்செய்யும், வால்வு வைத்த பெட்டி), அங்கிருந்து ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் இன்டர்ஃபேஸ், அப்புறம் கம்ப்யூட்டர். அவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக்கொண்டே பாடினார். வில்லில் கட்டிய மணிகளும் குரலும் அந்த ஒரே மைக்கில்தான் விழுந்தன. பெட்டியின் கம்ப்ரஸரை நன்றாகத் திருகி வைத்திருந்தேன். மீட்டரில் ஊசி ஆடுவதைப் பார்க்கவே நிறைவாக இருந்தது. பாடி முடித்து ஹெட்போனில் கேட்டவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, மணி அடிக்கையில எல்லாம் என் குரலு முங்கிப் போவுதே, ஏன்?"

காரணம் எளிது. கம்ப்ரஸருக்கு எது மணி, எது குரல் என்று தெரியாது. மைக்கில் வரும் சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் மொத்தத்தையும் கீழே அமுக்கும். மணி ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு முறையும் குரலும் சேர்ந்து அமுங்கியது. அது கம்ப்யூட்டருக்குள் நான் போட்ட பிளக்இன் மென்பொருள் என்றால் ஒரு சொடுக்கில் எடுத்திருப்பேன். ஆனால் பெட்டியிலேயே அமுங்கி, அமுங்கியபடியே பதிவாகிவிட்டது. கறந்த பால் மடி ஏறாது. அந்த அமர்வு முழுவதையும் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று. கூத்தும் கொடையுமாகப் பாடிப் பாடித் தேய்ந்த தொண்டை அது. கேட்பதற்கே எனக்கு மனம் வரவில்லை.

அன்றிலிருந்து, வீட்டு ஸ்டுடியோவுக்கு எந்தச் சேனல் ஸ்ட்ரிப் வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: அந்தப் பெட்டிக்குச் சும்மா இருக்கத் தெரியுமா என்று பாருங்கள்.

சேனல் ஸ்ட்ரிப் என்பது பெரிய மிக்ஸர் மேஜையின் ஒரு வரிசையை மட்டும் வெட்டி எடுத்துத் தனிப் பெட்டியாக வைத்தது போன்றது. மைக் பிரீஆம்ப், ஒலியின் அடியையும் உச்சியையும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ, கம்ப்ரஸர் மூன்றும் பெரும்பாலும் அதில் இருக்கும். சிலவற்றில் 'ஸ்' ஒலியின் சீறலைக் குறைக்கும் டீஎஸ்ஸரும், பாடாத நேரத்தில் இரைச்சலை அடைக்கும் 'கேட்' என்ற பகுதியும் கூட உண்டு. இதில் பிரீஆம்ப் பகுதியை விலக்க முடியாது. மைக்கின் மெல்லிய சிக்னலை யாராவது பெரிதாக்கித்தானே ஆக வேண்டும். மற்றவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பைபாஸ் ஸ்விட்ச், அதாவது சிக்னல் அந்தப் பகுதியைத் தொடாமல் சுற்றிப் போக விடும் ஸ்விட்ச், இருக்கிறதா என்று பாருங்கள். குமிழைச் சுழியத்தில் வைத்தால் போதும் என்று கடைக்காரர் சொல்லலாம். அது போதாது. சிக்னல் அப்போதும் அந்தச் சுற்று வழியாகத்தான் போகும். அதன் இரைச்சலையும் நிறத்தையும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வரும். யுனிவர்சல் ஆடியோவின் எல்ஏ-610 பெயர்பெற்ற டியூப் ஸ்ட்ரிப். அதன் எம்கே2 பதிப்பில் செய்த மாற்றங்களில் ஒன்று, கம்ப்ரஸருக்கு உண்மையான பைபாஸ் கொடுத்தது. அவ்வளவு விலையுள்ள பெட்டியிலேயே அது தேவைப்பட்டிருக்கிறது. சிறிய விலையில் வாங்கும் நாம் அதைக் கேட்டு வாங்குவதில் கூச்சமே வேண்டாம்.

அடுத்த தவறு, "வார்ம்த்" (ஒலியின் கதகதப்பு) என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுப்பது. முன்பக்கக் கண்ணாடி ஜன்னலில் ஆரஞ்சு வெளிச்சம் தெரியும்; பழைய வால்வு ரேடியோ நினைவுக்கு வரும்; கை தானாகப் பைக்குள் போகும். டியூப் செய்வது என்ன என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய இரட்டை ட்ரையோடு, அதாவது சிக்னலைப் பெரிதாக்கும் இரண்டு பகுதிகள் ஒரே கண்ணாடிக் குழாயில் இருக்கும் டியூப். ஐரோப்பாவில் அதன் பெயர் ஈசிசி83. தரவுத்தாளில் அதன் இயக்கத்தை 100 வோல்ட், 250 வோல்ட் பிளேட் (டியூப்பின் உள்ளே இருக்கும் தகடு) மின்னழுத்தங்களுக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த அளவு மின்னழுத்தத்தில் ஓடும் டியூப்பில் சிக்னல் மேலும் கீழும் அசையத் தாராளமாக இடம் இருக்கும். மெல்லப் பாடும்போது சுத்தமாகவும், ஓங்கும்போது படிப்படியாகத் தடித்தும் ஒலிக்கும். அந்தப் படிப்படியான தடிப்பைத்தான் வார்ம்த் என்கிறார்கள். அதாவது, மூலச் சுருதியோடு கூடுதலாகச் சேரும் மேல் சுரங்கள்.

விலை மலிவான பல பெட்டிகளில் அந்த உயர் மின்னழுத்தத்துக்கான டிரான்ஸ்பார்மர் இருக்காது. சுவரில் செருகும் சிறிய அடாப்டரில் வரும் குறைந்த வோல்ட்டேஜிலேயே டியூப்பை ஓட்டுவார்கள். பட்டினி போட்ட பிளேட் என்று இதைச் சொல்லலாம். உண்மையான கெயினை, அதாவது சிக்னலைப் பெரிதாக்கும் வேலையை, ஐசி சிப் கொடுக்கும். டியூப் நடுவில் ஒரு கரகரப்பைச் சேர்க்கும். சில பெட்டிகளில் டியூப்புக்குப் பின்னால் எல்ஈடி வைத்து வெளிச்சம் காட்டுவதும் உண்டு. இந்த வகை கெட்டது என்று நான் சொல்லவில்லை. எலக்ட்ரிக் கிதாருக்கும் பேஸுக்கும் அந்தக் கரகரப்பு நன்றாகவே இருக்கும். ஆனால் வில்லுப்பாட்டு மணியையோ ஜால்ராவையோ அதில் ஓட்டிக் கேட்டால், தகரத்தை உரசுவது போல் காதில் குத்தும். ஏற்கெனவே உச்சியில் ஒலிக்கும் கருவிக்கு இன்னும் மேல் சுரம் சேர்த்தால் வேறென்ன ஆகும்? ஆகவே முதலில் என்ன பதிவு செய்யப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். பேச்சும் பாட்டும்தான் வேலை என்றால், டியூப்பே இல்லாத நல்ல ஸ்ட்ரிப்கூடப் போதும். டிபிஎக்ஸ் 286எஸ் அப்படிப்பட்டது. அதில் டியூப் கிடையாது, ஆனாலும் பேச்சுப் பதிவு செய்கிற எத்தனையோ பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கெயின் எவ்வளவு என்று பார்க்காமல் வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. ஷ்யூர் எஸ்எம்7பி மைக்கை வீடியோக்களில் பார்த்து ஆசைப்பட்டு முதலில் வாங்கிவிடுவார்கள். அதன் வெளியீடு மிகவும் குறைவு. குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும். பெட்டியின் உச்ச கெயினே அதை ஒட்டித்தான் இருக்கிறது என்றால் குமிழை முழுக்கத் திருக வேண்டிவரும், அங்கே இரைச்சலும் உச்சத்தில் இருக்கும். கன்டென்சர் மைக் என்றால் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை; கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் மட்டும் இருந்தால் சரி.

ஒரு பழக்கத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். சோதனைக்குப் பாடச் சொன்னால் யாரும் அரைக் குரலில்தான் பாடுவார்கள். பதிவு தொடங்கியதும் முதல் தந்தனத்தோமிலேயே குரல் கூரையைத் தொடும். 24 பிட்டில் பதிவு செய்யும்போது உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கத்தில் நின்றால் தாராளம் (மீட்டரின் எல்லை சுழியம்). மீட்டரை நிரப்ப வேண்டிய தேவையே இல்லை.

நல்ல பெட்டி வாங்கிவிட்டு அதை இன்டர்ஃபேஸின் மைக் உள்ளீட்டில் செருகுகிறவர்கள் எவ்வளவோ பேர். ஸ்ட்ரிப்பிலிருந்து வருவது ஏற்கெனவே பெரிதாக்கிய லைன் சிக்னல். அதை மறுபடியும் ஒரு மைக் பிரீஆம்ப்புக்குள் விட்டால், சிவப்பு விளக்கு எரியும், இல்லையென்றால் கெயினைச் சுழியத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது பிரீஆம்ப்பின் நிறத்தையும் சேர்த்துப் பதிவு செய்வீர்கள். பல இன்டர்ஃபேஸ்களில் எக்ஸ்எல்ஆரும் (மைக் கேபிளின் மூன்று பின் பிளக்) ஜாக்கும் ஒரே துளையில் போகும். அவற்றில் எக்ஸ்எல்ஆர் போட்டால் மைக் வழி, ஜாக் போட்டால் லைன் வழி. ஆகவே ஸ்ட்ரிப்பின் பேலன்ஸ்டு வெளியீட்டிலிருந்து டிஆர்எஸ் ஜாக் கேபிள் போடுங்கள். கிதாருக்கான இன்ஸ்ட் பொத்தான் அணைந்திருக்கட்டும். இப்படி மாற்றிய அன்றைக்கே, "பெட்டி இப்பத்தான் பேசுது அண்ணாச்சி" என்று எனக்கு போன் செய்த நண்பர் உண்டு.

கரண்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பாதிப் பிரச்சினை இங்கேதான். அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லிப் பெட்டி வாங்கி வரச் செய்தால், அது பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது. இங்கே 230. பின்பக்கத்தில் வோல்ட்டேஜ் தேர்வு ஸ்விட்ச் இருந்தால் மாற்றிவிட்டு, ஃபியூஸின் ஆம்பியரையும் கையேட்டில் சொன்னபடி மாற்றிய பிறகே பிளக்கைச் செருகுங்கள். ஸ்விட்ச் இல்லை, பெட்டி 230 வோல்ட்டைத் தானாக ஏற்கவும் செய்யாது என்றால், வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதை ஸ்ட்ரிப்புக்கும் மைக் கேபிளுக்கும் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் ஹம் என்ற ரீங்காரம் பதிவில் ஏறும்.

பழைய வீடுகளில் மூன்றாவது பின் துளை இருக்கும், உள்ளே எர்த் கம்பி இருக்காது. அல்லது எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கும். எங்கள் வீட்டில் சித்திரை மாதம் வந்தாலே 50 ஹெர்ட்ஸ் ஹம் எட்டிப் பார்த்தது. எலக்ட்ரீசியன் வந்து குழியைத் திறந்து, உப்பும் கரியும் புதிதாகப் போட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். அன்று மாலையே ஹம் போய்விட்டது. இப்போது வெயில் காலத்தில் செடிக்கு ஊற்றும்போது அந்தக் குழிக்கும் ஒரு குடம் ஊற்றுகிறோம். ஹம் வருகிறதே என்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். டியூப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடலாம். ஏதாவது பழுதானால் அது பெட்டியின் இரும்புக்கு வந்து, மைக் கேபிள் வழியாகப் பாடுகிறவரின் உதட்டுக்கே போகும். இன்னொன்று, கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் ர்ர்ர் என்ற சத்தம் கேட்டால் உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அறையைச் சரிசெய்யாமல் பெட்டி வாங்குவதைப் பற்றி நான் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனாலும் சொல்கிறேன். சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, காங்கிரீட் கூரை என்று இருக்கும் நம் அறைகளில் கை தட்டினால் கணீரென்று திரும்பி வரும். கம்ப்ரஸர் ஓங்கிய குரலை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் தூக்கும்போது, அந்த எதிரொலியும், மின்விசிறியும், வெளியே கத்தும் காக்கையும் சேர்ந்தே மேலே வரும். பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டால் பார்க்க அழகு. ஆனால் அது மெல்லிசு, சத்தத்தைக் குடிக்காது. இலவம்பஞ்சு மெத்தை இரண்டைப் பாடுகிறவருக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் நிமிர்த்தி வையுங்கள். நான் வாங்கிய எந்தப் பெட்டியும் எங்கள் பாட்டி வீட்டு மெத்தை அளவுக்கு ஒலியை மாற்றவில்லை.

அந்த அண்ணாச்சி பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை கம்ப்ரஸரும் ஈக்யூவும் பைபாஸில். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ கட் மட்டும் போட்டேன், ரோட்டில் போகும் லாரியின் உறுமலுக்காக. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மெத்தைகளுக்கு நடுவில் வேர்த்து வழியப் பாடினார். கேட்டு முடித்ததும், "இப்பம் மணியும் இருக்கு, நானும் இருக்கேன்" என்றார். அப்புறம் கம்ப்யூட்டரில் அந்தப் பதிவுக்குக் கொஞ்சம் கம்ப்ரஷன் போட்டேன். பிடிக்காதபோது எடுத்தேன், மறுபடி போட்டேன். யாரையும் திரும்பப் பாடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பழைய பெட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போன உடனே கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். போட்டு அரைமணி நேரம் சூடாக விடுங்கள். விற்கிறவரோடு ஒரு காபி குடிக்கலாம். அப்புறம் மைக்கைக் கழற்றிவிட்டு, கெயினைக் கூட்டி ஹெட்போனில் கேட்டபடி பெட்டியின் மேல் மூடியைப் பென்சிலால் லேசாகத் தட்டுங்கள். டிங் என்று மணி போல் கேட்டால் டியூப் மைக் மாதிரி அதிர்வைப் பிடிக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு குமிழையும் மெல்லத் திருகி, கரகர என்கிறதா என்றும் கேளுங்கள். 12ஏஎக்ஸ்7 ஒன்பது பின் சாக்கெட்டில் உட்காரும் வகை என்பதால், பெரும்பாலான பெட்டிகளில் பற்றவைக்காமலே மாற்றிவிடலாம். அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். மூடியை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். ஆம்ப்ளிஃபையர் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள்.