படைவீரர்களுக்கு நன்கொடை: பினாங்கில் ஓயாமல் நடக்கும் தவறுகள்

மலேசியாவின் வீரர்கள் தினமான ஜூலை 31 நெருங்கினாலும் சரி, நம் படையினர் பணியாற்றும் வெளிநாட்டில் குண்டு விழுந்ததாகச் செய்தி வந்தாலும் சரி, பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸ் வரை வாட்ஸ்அப்பில் நன்கொடை கேட்டு அறிவிப்புகள் பறக்கும். ரசீது கொடுங்கள், கணக்கு எழுதுங்கள் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. அவற்றை விட்டுவிடுவோம்.

"முடிந்ததைக் கொடுங்கள்"

பணத்தை அதிகம் தின்பது இந்த இரண்டு சொல்தான். புதிதாக வசூலில் இறங்குகிறவர்கள் இதைத்தான் முதல் வரியாகப் போடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் தீரவில்லை.

மூன்றே நாளில் கோயில் மண்டபத்தின் ஓரம் நிறைந்துவிடும். பெட்டியைப் பிரித்தால் பாதி தீர்ந்த ஷாம்பு, போன தீபாவளி முறுக்கு, உருகி ஒட்டிக்கொண்ட சாக்லேட், ஜெலட்டின் மிட்டாய். நம் படையினரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்; ஹலால் முத்திரை இல்லாத தின்பண்டம் அங்கே போய்ச் சும்மா கிடக்கும்.

அடுத்தது கூரியர் கடை. அங்கே நிறுத்துப் பார்ப்பது எடையை மட்டுமல்ல, பருமனையும்தான். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். வரும் எண், தராசு காட்டும் எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். 50 × 40 × 40 பெட்டி என்றால் 16 கிலோ. அதில் 60 கப் மீ (கோப்பை நூடுல்ஸ்) அடுக்கினால் தராசு 4, 5 கிலோதான் காட்டும். மீதி 11 கிலோவுக்குக் காற்றை அனுப்பிக் காசு கட்டுகிறோம்.

பவர் பேங்க் வேறு வந்து சேரும். லித்தியம் அயான் பேட்டரியைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக்கூடாது என்ற தடை 2016 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. பெட்டிக்குள் ஒன்று மாட்டினால் போதும், மொத்தப் பார்சலும் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாம் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்கம் போர்க்கைதிகளுக்கு அனுப்பிய உணவுப் பெட்டி ஏறத்தாழ 5 கிலோ. என்ன வைப்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, மொத்தமாக வாங்கிக் கட்டினார்கள். வீடு வீடாக வந்ததை அள்ளிப் போடவில்லை. நாமும் அப்படியே செய்யலாம்:

வாங்கும் முன் பெறுகிற படைப்பிரிவின் நலப் பிரிவிடம் என்ன வேண்டும், எத்தனை பேருக்கு, எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் கேளுங்கள். ஆறு பொருளுக்கு மேல் பட்டியல் நீளவேண்டாம். மக்களிடம் பொருளைக் கேட்காமல் பணத்தைக் கேளுங்கள். ஒரே மொத்தக் கடையில் வாங்கினால் பில் ஒன்று, காலாவதித் தேதியும் ஒன்று. முதல் பெட்டியைக் கட்டியதும் கூரியர் கடைக்குக் கொண்டுபோய்க் கட்டணம் பாருங்கள்; அதற்குப் பிறகு மற்றதை வாங்கலாம்.

உரிமம்

உண்டியலோடு வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். நல்ல காரியம்தானே என்றால் போலீஸ் ஒப்புக்கொள்ளாது.

சொந்த வங்கிக் கணக்கில் வசூல்

வேண்டாம்.

"வரி விலக்கு உண்டு"

வாய்க்கு வந்தபடி சொல்லிவிடுகிறார்கள். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்படி, அரசுக்கோ வரி வாரியம் அங்கீகரித்த அமைப்புக்கோ கொடுத்த பணத்துக்குத்தான் வரிக் கழிவு கிடைக்கும். அங்கீகரித்த அமைப்புக்குக் கொடுத்தாலும் தனிநபருக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரம்பு. மீ பெட்டிக்குக் கிடையாது.

நன்றிப் படங்கள்

முகாமிலிருந்து வரும் படத்தில் வாயிற்கதவு, வண்டி எண், பின்னணி மலை எல்லாம் தெரியும். பகிராதீர்கள்.

மிச்சப் பணம்

படையினர் திரும்பிவிடுவார்கள், கணக்கில் பணம் கிடக்கும். சண்டை தொடங்குவது இங்கேதான். "எஞ்சினால் ஓய்வூதியம் இல்லாத முன்னாள் வீரர்களின் மருத்துவச் செலவுக்குப் போகும்" என்பது போல ஒரு வரி, முதல் அறிவிப்பிலேயே இருக்கவேண்டும். பணம் வந்த பிறகு அதைச் சேர்த்தால், கொடுத்தவர் ஒவ்வொருவரையும் தேடிப்போய்ச் சம்மதம் வாங்கவேண்டியிருக்கும்.