கமிட் வாக்குக் கேட்பது எப்படி? கூட்டுறவுக் கடைக் கணக்கோடு ஒரு பயிற்சி

சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு வார இறுதியில் தரவுத்தளம் சொல்லிக்கொடுக்கிறேன். மாற்றத்தை நிலையாக்குவது 'கமிட்'. பல தரவுத்தளங்களிடம் முதலில் 'முடியுமா?' என்று கேட்டு, எல்லாம் 'சரி' என்றபின் நிலையாக்குவது இருகட்டக் கமிட். அதில் எல்லோரும் திணறும் இடம் ஒன்றுதான்: அந்தக் கேள்வியைக் கேட்பது, அதாவது வாக்குக் கேட்பது. அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கூட்டுறவுக் கடையில் ஓர் அம்மா 80 ரிங்கிட்டுக்கு அரிசி வாங்குகிறார். பணம் அவருடைய சேமிப்பிலிருந்து கழிய வேண்டும். சரக்குக் கணக்கு ஒரு தரவுத்தளத்தில், சேமிப்புக் கணக்கு இன்னொன்றில். இரண்டும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள். இரண்டும் மாற வேண்டும், இல்லையேல் இரண்டுமே மாறக் கூடாது.

முதலில், இரண்டு சர்வரிலும் 'மேக்ஸ் பிரிப்பேர்ட் டிரான்சாக்‌ஷன்ஸ்' என்ற அமைப்பைத் திறந்து பாருங்கள். வாக்களித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பரிவர்த்தனைகள் ஒரே நேரத்தில் எத்தனை இருக்கலாம் என்பதே அது. அது 0 என்றே இருக்கும். பழகுவதற்கு 10 போதும். மாற்றியபின் சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும்.

அடுத்து, இரு பக்கமும் 'பிகின்' கொடுத்துப் பரிவர்த்தனையைத் தொடங்கி, ஒன்றில் அரிசியையும் மற்றதில் 80 ரிங்கிட்டையும் குறையுங்கள். கமிட் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போதுதான் வாக்கு. இரு பக்கமும் 'பிரிப்பேர் டிரான்சாக்‌ஷன்' என்று எழுதி, 'கடை-1042' போல ஒரு பெயர் கொடுங்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனிப் பெயர் வேண்டும். பிழை வந்தால் 'முடியாது' என்று பொருள். அந்தப் பக்கம் தானே பின்வாங்கிவிடும். பிழை வராததாலேயே 'சரி' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முந்தைய கட்டளை ஏற்கெனவே தவறியிருந்தால், சர்வர் பிழை காட்டாமல் 'ரோல்பேக்' (பின்வாங்கிவிட்டேன்) என்று மட்டும் பதில் தரும். அதுவும் 'முடியாது'தான். பதிலில் 'பிரிப்பேர் டிரான்சாக்‌ஷன்' என்றே வந்திருக்கிறதா என்று, இரு பக்கத்தையும் ஒருங்கிணைக்கும் உங்கள் நிரல் பார்க்க வேண்டும்.

'சரி' என்பதன் எடை பெரிது. கல்யாணச் சமையலுக்கு முன்பணம் வாங்கியவர் அந்தத் தேதியை வேறு யாருக்கும் தர முடியாது. மண்டபம் கிடைத்ததா என்ற தகவல் வரும்வரை காத்திருக்க வேண்டும். 'சரி' சொன்ன தரவுத்தளமும் அப்படியே. மாற்றத்தை வட்டில் எழுதிவிட்டது, வரிகளைப் பூட்டி வைத்திருக்கிறது, முடிவெடுக்கும் உரிமையை ஒருங்கிணைக்கும் நிரலிடம் கொடுத்துவிட்டது.

இரண்டு 'சரி'யும் வந்ததும், அந்த நிரல் 'கமிட்' என்ற முடிவை முதலில் தன் பதிவேட்டில் நிலையாக எழுத வேண்டும். மாலை மழையில் இடி இடித்து மின்சாரம் போனாலும் அந்த வரி இருந்தால் பிழைத்தோம். அதன்பிறகே இரு பக்கமும் 'கமிட் பிரிப்பேர்ட்'. ஒரு பக்கம் படுத்துக் கிடந்தால், அது எழுந்து ஏற்கும்வரை திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும்.

குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் 'முடியாது' என்று கொள்ளுங்கள். ஆனால் அங்கே 'சரி' சொல்லி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ஆகவே பதில் தராத பக்கத்துக்கும் 'ரோல்பேக் பிரிப்பேர்ட்' போக வேண்டும். அந்தப் பெயரே இல்லை என்று அது சொன்னால், வேலை அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேளுங்கள்.

நான் முதன்முதலில் இதைப் பழகியபோது வாக்கைக் கேட்டுவிட்டு, திரையை மூடியதும் எல்லாம் கலைந்துவிடும் என்று நம்பி வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை கல்லாவில் ஓர் அம்மாவின் கணக்கு மட்டும் நகரவில்லை. "தம்பி, சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்றார் கல்லாவில் இருந்த அக்கா. பின்னால் வரிசை. சர்வரை நிறுத்தித் தொடங்கினேன், பூட்டு போகவில்லை. முடிவுக்காகக் காத்திருப்பவற்றைக் காட்டும் 'பிஜி பிரிப்பேர்ட் எக்ஸாக்ட்ஸ்' பட்டியலைத் திறந்தபோது முந்தைய மாலை நேரத்தோடு ஒரே ஒரு வரி நின்றது. அதன் பெயரைச் சொல்லி 'ரோல்பேக் பிரிப்பேர்ட்' கொடுத்தேன். ரசீது வெளியே வந்தது.